கராச்சி எரிந்த இரவில் கல்லாற்றில் கரண்டு இல்லை

2025 மே 8 ராத்திரி, இந்தியா பாகிஸ்தான் சண்டையில், கராச்சித் துறைமுகம் விழுந்தபோது நான் கல்லாற்றில், பொன்முடி ரோட்டோரத்துச் சாயக்கடையில், பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கோடை மழையில் ஒரு மரக்கிளை மின்கம்பியில் உரசுகிற சத்தம்தான். காற்றடித்தால் கரண்டு போகும். காற்று நின்றால் வரும். முதல் தடவை போய் வந்தபோது கராச்சி எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை வந்தபோது நம் படை எல்லையைத் தாண்டி இஸ்லாமாபாத் பக்கம் போய்விட்டிருந்தது. மூன்றாம் தடவை பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைதாகியிருந்தார், பிரதமர் பதுங்கு குழிக்குள் இருந்தார். நடுவில் குவெட்டாவும் போயிற்று. அதை யார் பிடித்தார்கள் என்பதைக் கவனிக்க நேரமில்லை, சாயா ஆறிக்கொண்டிருந்தது.

கடைக்காரச் சேட்டன் டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படை நடத்தினார். இந்தி, இங்கிலீஷ், மலையாளம், தமிழ் எல்லா முனையிலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு சேனலில் ஊர் விழத் தாமதமானால் அடுத்ததை வைப்பார், அங்கே விழுந்திருக்கும். நாலாவது தடவை கரண்டு போனபோது நிஜமாகவே வருத்தப்பட்டார். "இனி கரண்டு வரும்போ சைனா தீர்ந்நிருக்கும்" என்றார்.

காலையில் கராச்சி எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போனது. துறைமுகத்தில் கப்பல் நின்றது, கிரேன் ஆடியது. விக்ராந்த் கப்பல் கராச்சியைத் தாக்கியதாகச் சுற்றுக்கு விடப்பட்ட நெருப்புப் படம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விமானம் விழுந்தபோது எடுத்தது என்று சரிபார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்னொரு படம் காஸாவில் குண்டு விழுந்தது. மற்றொன்று வீடியோ கேம். அந்தக் காஸாப் படத்தை மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அந்த நெருப்புக்குள் இருந்தவர்கள் ஒருதரம் அவர்கள் ஊரில் செத்தார்கள். இன்னொருதரம் நம் வெற்றிக்கு விளக்குப் பிடிக்க வரவழைக்கப்பட்டார்கள். செத்தவர்களுக்கும் ஓவர்டைம்.

ஒரு சேனலில் வருத்தம் தெரிவித்தார்கள். மற்றவர்கள் தலைப்பை மாற்றிக்கொண்டார்கள். கராச்சியை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எந்தச் சேனலின் கொடவுனிலாவது இன்னும் கிடக்கும்.

சைரன் கதை வேறு. மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாலை 4 மணிக்குச் சைரன் ஊதினார்கள். அந்த அழகான சத்தத்தைச் சேனல்கள் பிடித்துக்கொண்டன. செய்தி வாசிக்கிற இடைவெளியில் எல்லாம் ஊதின. கடைசியில் மே 10 அன்று அரசே சேனல்களைக் கூப்பிட்டு, தயவுசெய்து அந்தச் சைரனை நிகழ்ச்சிக்குப் பின்னணியாகப் போடாதீர்கள், பிறகு நிஜமாகவே ஊதும்போது ஜனங்கள் டிவி என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்ற அர்த்தத்தில் சொல்லவேண்டி வந்தது. புலி வருது கதையை நமக்குச் சொல்லித் தந்த வாத்தியார்கள் பாவம், இதற்கு என்ன செய்வார்கள்.

இதில் ஒரு ஆள் செத்தான் என்பதுதான் கசக்கிறது. பூஞ்சில் மே 7 அன்று எல்லை தாண்டி வந்த ஷெல்லில் ஒரு மதரஸா ஆசிரியர் இறந்தார். நம் மண்ணில், நம் குடிமகன், எதிரியின் ஷெல்லில். சில சேனல்கள் அவரைப் பயங்கரவாதி ஆக்கின. தாடியும் தொப்பியும் உள்ள படம் கிடைத்தால் விசாரணை எதற்கு? பூஞ்ச் போலீஸ் மறுத்து அறிக்கை விட்டது. ஜூன் கடைசியில் பூஞ்ச் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. கராச்சி விழுந்தது பொய் என்றால் கராச்சிக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இவர் வீட்டில்?

எதிர்த் தரப்பு மட்டும் யோக்கியமா? இந்திய விமானங்களைச் சுட்டு வீழ்த்தினோம் என்ற பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃபிடம் ஆதாரம் கேட்டார்கள். அதுதான் சமூக ஊடகம் பூராவும் இருக்கிறதே என்றார். அணுகுண்டு உள்ள நாட்டின் அமைச்சர், வாட்ஸ்அப்பில் வந்தது மாமா என்கிற குரலில். அவர்களுடைய துணைப் பிரதமர் இஷாக் தார் செனட்டில் எழுந்து, லண்டன் பத்திரிகையே நம் விமானப்படையை வானத்து ராஜா என்று எழுதிவிட்டது என்று பெருமைப்பட்டார். அந்தப் பத்திரிகைப் பக்கம் போலியாகச் செய்தது என்று அவர்கள் ஊர் டான் பத்திரிகையே காட்டிக்கொடுத்தது. சண்டையில் யார் ஜெயித்தார்களோ, இந்தப் பந்தயத்தில் இரண்டு நாடும் சரிசமம்.

பிறகு 10ஆம் தேதி மாலை சண்டை நின்றது. நின்றதை முதலில் சொன்னவர் வாஷிங்டனிலிருந்து டிரம்ப். நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி அதற்குப் பிறகுதான் வந்து சொன்னார். எத்தனை விமானம் விழுந்தது? அது அன்றைக்குத் தெரியாது. மே 31 அன்று முப்படைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் வைத்து, விழுந்ததா என்பதைவிட ஏன் விழுந்தது என்பதே முக்கியம் என்றார். ஆகஸ்டில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் பெங்களூரில், எதிரியின் 5 போர் விமானமும் ஒரு பெரிய விமானமும் வீழ்த்தினோம் என்றார். டிரம்ப் கணக்கில் முதலில் 5, பிறகு 7, பிறகு 8. யாருடைய விமானம் என்று மட்டும் அவர் சொல்வதில்லை. சண்டை நின்ற பிறகும் விமானங்கள் விழுந்துகொண்டே இருந்த ஒரே யுத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் கண்ணால் பார்த்த போர் விமானம் ஒன்று உண்டு. அது பிரிட்டனுடையது. ஜூன் 14 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி வந்து நம் விமான நிலையத்தில் இறங்கியது. பிறகு கிளம்பவில்லை. ஹைட்ராலிக் கோளாறு. உலகத்தின் விலையுயர்ந்த போர் விமானங்களில் ஒன்று, ரேடாருக்கே தெரியாமல் பறக்கிறது என்று பேர் வாங்கியது, பருவமழையில் ஊரே பார்க்க நனைந்துகொண்டு நின்றது. சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் காவல். கேரளச் சுற்றுலாத் துறை, ஒருதரம் வந்தால் போக மனம் வராத ஊர் என்று விளம்பரம் போட்டது. ஜூலை 22 அன்று சரிசெய்துகொண்டு ஆஸ்திரேலியா பக்கம் பறந்தது. அந்த ஐந்து வாரமும் வந்த செய்திகள்தான் அந்த ஆண்டு நான் படித்த ஒரே நேர்மையான களநிலவரம்: இன்றும் கிளம்பவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் உண்டு. விதுரைக்காரர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். யாழ்ப்பாணம் அவருக்கு இரண்டு கொடுத்தது: வலது காலில் ஒரு ஸ்டீல் தகடு, ஒழுங்கான தமிழ். டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பழம்பொரி தின்பார். சிட்ரெப், அதாவது களநிலவர அறிக்கை, என்றால் என்ன என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"தினம் சாயங்காலம் வயர்லெஸ்ஸிலே அனுப்பணும் தம்பி. நம்ம ஆளு எத்தனை, குண்டு எத்தனை, எதிரி எத்தனை. நாங்க ஒண்ணுமே பார்க்கலேன்னா ஒண்ணுமில்லைன்னு அனுப்புவோம். பட்டாலியன் ரெண்டு சேர்க்கும். பிரிகேடு அஞ்சு சேர்க்கும். டில்லி போய்ச் சேர்றப்போ புலி தீர்ந்தாச்சு. நாங்க ஊருக்குள்ளே போறதுக்கு முன்னாடியே ரேடியோவிலே போயாச்சு. அங்கேதான் நிக்கோம்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."

"ஜனங்க செத்தா அண்ணே?"

"அதுக்குக் காலம் இல்லே."

நேரமில்லை என்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, படிவத்தில் இருக்கிற காலத்தைச் சொல்கிறார். கோடு போட்டுப் பிரித்த கட்டம். அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்றதே, அது எந்தக் கட்டத்தில் போனது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பழம்பொரியைக் காகிதத்தில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன சூத்திரத்தை வைத்து அன்று சாயங்காலமே நாங்கள் ஒன்று தயாரித்தோம்.

கல்லாறு களநிலவரம், மாலை 6 மணி. வடக்கு முனை: பொன்முடிப் பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளும் நமது பூரணக் கட்டுப்பாட்டில் உள்ளன. 2022இல் பன்னிரண்டாம் வளைவில் மண் சரிந்து மாதக்கணக்கில் மேலே போக முடியாதிருந்தது பின்வாங்கல் ஆகாது. பயணிகள் நலன் கருதிய நிலை மறுசீரமைப்பு. கிழக்கு முனை: நேற்றிரவு கொம்பன் ஒன்று வாழைத்தோட்டத்துக்குள் ஊடுருவ எடுத்த முயற்சி வெற்றிகரமாக முறியடிக்கப்பட்டது. வாழை முழுவதையும் தின்ற எதிரி பலத்த திருப்தியுடன் பின்வாங்கியது. மேற்கு முனை: அமைதி, டவர் இல்லை. பொதுமக்கள் தரப்பில் சேதம்: பூஜ்யம். வாழை போட்டவர் கடன்காரர் என்பதால் பொதுமக்கள் கணக்கில் வரமாட்டார்.

சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். ஹவில்தாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இந்த நடையை நான் இந்தச் சாயக்கடையில் கற்கவில்லை.

இலங்கையின் கடைசி யுத்தக் காலத்தில், 2008 மே முதல் 2009 மே வரை, நான் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜில் இருந்தேன். கீழே பிரவுசிங் சென்டர். தினம் ராத்திரி அங்கே போய் இரண்டு ஜன்னலைத் திறந்து வைப்பேன். ஒன்றில் கொழும்புப் பாதுகாப்பு அமைச்சின் பக்கம். 53, 55, 57, 58, 59 ஆகிய படைப்பிரிவுகள் எங்கெங்கே நிற்கின்றன, எத்தனை கிலோமீட்டர் போயிற்று, எத்தனை பயங்கரவாதிகள் கொல்லப்பட்டார்கள், வரைபடத்தோடு. இன்னொன்றில் புலம்பெயர்ந்த தமிழர்களின் செய்திப் பக்கம். முன்னேற்ற முயற்சி முறியடிப்பு, படையினருக்குப் பாரிய இழப்பு, உடலங்கள் மீட்பு. ஒரே சண்டை, ஒரே நாள், இரண்டு ஜன்னலிலும் ஜெயித்தவர்கள்.

இரண்டிலும் பொய் சொல்லாதது ஒன்றே ஒன்று இருந்தது: ஊரின் பெயர். 2008 மே மாதம் முறியடிப்பு மன்னாரில், அடம்பனில் நடந்தது. ஜூலையில் விடத்தல்தீவில். செப்டம்பரில் மல்லாவியில். நவம்பரில் பூநகரியில். புத்தாண்டுக்குப் பரந்தனில். ஜனவரி 2 கிளிநொச்சி, 9 ஆனையிறவு, 25 முல்லைத்தீவு. பிறகு விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஆனந்தபுரம், மாத்தளன். தலைப்பு மாறவே இல்லை. எல்லா நாளும் முறியடித்துக்கொண்டுதான் இருந்தோம். மேற்குக் கடலோரம் தொடங்கிய வெற்றி, ஊர் ஊராகக் கிழக்கே நடந்து, கடைசியில் கிழக்குக் கடலில் கால் நனைத்து நின்றது. தோல்வியைத் தலைப்பில் தேடிக்கொண்டிருந்த நாங்கள் முட்டாள்கள். அது ஊர்ப்பெயரில் இருந்தது. வரைபடம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விரல் வைத்துச் சொல்லியிருக்கும்.

அந்த ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ஆள் இருந்தது. எத்தனை? கொழும்பு சொன்னது சுமார் 70,000. அந்தக் கணக்குக்குத்தான் அரிசியும் மருந்தும் போயின. எல்லாம் முடிந்து முள்கம்பிக்குள், செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000க்கும் மேல். உயிரோடு வந்தவர்கள் மட்டும். இரண்டு லட்சம் பேர் கணக்குப் பிழை. மளிகைக் கடையில் இருபது ரூபாய் குறைந்தால் கல்லாவைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணுகிற உலகத்தில், இரண்டு லட்சம் மனுஷர்கள் கூட்டலில் விட்டுப்போயிற்று என்று எந்தச் சபையும் எழுந்து நிற்கவில்லை. பட்டினிக்கு வேறு ஆயுதம் வேண்டாம். ஒரு பூஜ்யத்தைக் குறைவாக எழுதினால் போதும், இல்லாத ஆளுக்கு யார் கஞ்சி அனுப்புவார்கள்?

பாதுகாப்பு வலயம் என்று ஒன்று அறிவித்தார்கள். ஜனவரியில் 35 சதுர கிலோமீட்டர். பிப்ரவரியில் அது வேறிடத்தில், கடற்கரைப் பட்டையாக, 14. மே 8 அன்று மறுபடி சுருக்கி, அளவு சொல்லவே நாக்கூசுகிற துண்டு. பாதுகாப்பு கூடக்கூட இடம் குறைந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி 4க்கும் இடையில் ஒரே வாரத்துக்குள் ஒன்பது தடவை ஷெல் விழுந்தது. அப்போதைய பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபக்ச ஆங்கிலத் தொலைக்காட்சியிடம், வலயத்துக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரி தாக்கத்தக்க இலக்குதான் என்று சொன்னார். சொன்னதும் சரிதான். கட்டத்துக்குள் வராத நோயாளிக்கு நோயே ஒரு பயங்கரவாதம். வலயத்துக்கு உள்ளே இருந்த ஆஸ்பத்திரியிலும் விழுந்தது. அதற்கு அவர்கள் விளக்கமே சொல்லவில்லை, விழவே இல்லை என்றுவிட்டார்கள்.

இதற்குப் பெயர் மனிதாபிமான நடவடிக்கை. கொள்கை: பொதுமக்கள் சேதம் பூஜ்யம். ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மனித உரிமைச் சாசனமும் ஏந்திப் போனார்கள் என்று பின்னாளில் மகிந்த ராஜபக்ச மேடையில் சொன்னார். குண்டு நிரப்பும்போது எதைக் கீழே வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

புலிகளின் சிட்ரெப்பிலும் அந்தக் கட்டம் இல்லை. தப்பி ஓடிய தன் ஜனத்தைச் சுட்டதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிடித்து முன்னணியில் நிறுத்தியதும், எந்த ராத்திரி எந்த ஜன்னலில் வந்தது? ஐ.நா. குழுவின் 2011 அறிக்கை இரண்டு பேரையும் பற்றி எழுதியது. 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்றும் எழுதியது. அதே ஐ.நா. சண்டை நடக்கும்போதே வன்னியில் ரகசியமாக எண்ணிக்கொண்டிருந்தது. 2009 மே 13 வரை 7,721 என்று குறித்தும் வைத்திருந்தது. அதைத் துணிந்து வெளியிடவில்லை. எண்ணத் தெரியாதவனை மன்னிக்கலாம். எண்ணிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவனை?

உள்ளே கடைசிவரை மருத்துவம் பார்த்துக்கொண்டு, தொலைபேசியில் சாவு எண்ணிக்கையை வெளியே சொன்ன ஐந்து அரசு டாக்டர்களைப் பிடித்தார்கள். ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்கார வைத்தார்கள். நாங்கள் சொன்னது பொய், மொத்தம் 650இலிருந்து 750 பேர்தான் இறந்திருப்பார்கள் என்று சொன்னார்கள். காவலில் இருக்கிறவர் சொல்கிற எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்; தவறினால் 751.

நம்முடைய பங்கை விட்டுவிடலாமா? ஏப்ரல் 27 காலையில் முதல்வர் கருணாநிதி மெரினாவில் அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியத்துக்குள் எழுந்தார். கொழும்பு கனரக ஆயுதங்களை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது, போர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஷெல் விழுகிறதே என்று கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். தமிழுக்கு இத்தனை அழகான பழமொழி இருப்பதற்காக அன்று ஒருநாள் நான் வெட்கப்பட்டேன். மே 13 அன்று தமிழ்நாடு ஓட்டுப் போட்டது. 16 அன்று எண்ணினார்கள். அந்தப் பிரவுசிங் சென்டர் முதலாளி தமிழ்ச் சேனல் வைத்திருந்தார். திரையின் மேலே தொகுதிவாரி முன்னிலை நிலவரம். கீழே ஓடுகிற வரியில் முள்ளிவாய்க்கால். முன்னிலை, பின்னடைவு, முன்னிலை, பின்னடைவு. எந்த வரி எந்த யுத்தத்துக்கு என்று சில நிமிஷம் பிரிக்க முடியவில்லை. "அண்ணா, நெட் கட் பண்ணட்டா, ஒரு மணிக்கூர் ஆயி" என்று பையன் வந்து நின்றான். இருபது ரூபாய் கொடுத்தேன்.

களநிலவரம் எழுதுகிறவர்களுக்கு ஊர் உலகம் எல்லாம் ஒரே இலக்கணம்தான். சைகோனில் அமெரிக்க ராணுவம் தினம் மாலை கூட்டிய பத்திரிகையாளர் சந்திப்புக்கு, அங்கே போன நிருபர்களே ஐந்து மணிக் கூத்து என்று பெயர் வைத்தார்கள். பிணத்தை எண்ணி வெற்றியை அளந்த இடம் அது. 2003 ஏப்ரலில் பாக்தாதில் அமெரிக்க டாங்கிகள் நுழைந்துகொண்டிருக்கும்போதே, நுழையவே இல்லை என்று மைக்கில் அடித்துச் சொன்னார் ஈராக்கின் தகவல் அமைச்சர் சஹாஃப். 2022 ஜூன் 30 அன்று உக்ரைனின் பாம்புத் தீவிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ரஷ்யா, அதை நல்லெண்ண நடவடிக்கை என்றது. நல்லெண்ணம் முற்றி அந்தச் செப்டம்பரில் ஹார்கிவிலிருந்தும் வந்தது; அதற்குப் பெயர் மறுஅணிசேர்ப்பு.

இப்போது இதைத் தமிழில் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வணக்கம் மக்களே என்று தொடங்கி, பின்னால் ஒரு வரைபடத்தை விரித்து, சிவப்பு அம்பை இழுத்து விடுவார்கள். தம்ப்நெயிலில் கதறும் உக்ரைன், தட்டித் தூக்கிய ரஷ்யா, சோலி முடிந்தது இஸ்ரேல், சோலி முடிந்தது ஈரான். நடுவில் தண்ணீர் சுத்திகரிப்பான் விளம்பரம். 2025 ஜூனில் ஈரான் சண்டை பன்னிரண்டு நாளில் முடிந்தபோது இவர்களில் சிலருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். சீரியல் பாதியில் நின்றுபோன வீட்டுக்காரர்கள் மாதிரி. காஸாவில் மாவு வாங்க வரிசையில் நின்றவன் செத்தால் அம்பு நகராது. அதனால் வீடியோ கிடையாது. நகர்ந்தால்தான் நிலவரம்.

எங்கள் சேட்டனுக்கு இதில் ஒரு ஆள் ரொம்பப் பிடிக்கும். டோனெட்ஸ்க் முனை, லுகான்ஸ்க் முனை, சபோரிஷியா முனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இன்று 1.2 கிலோமீட்டர் முன்னேற்றம் என்பான். சேட்டன் பால் ஆற்றுகிற கையை நிறுத்திக் கேட்பார். நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 2024 வரை.

இந்தக் கடைக்குப் பின்னால் ஓடுகிறதே கல்லாறு, உருண்டைக் கல்லைத் தவிர வேறொன்றுமில்லாமல், கோடையில் முழங்கால் அளவு. இது கீழே போய் வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து, சிறயின்கீழ் பக்கம் அஞ்சுதெங்குக் காயலில் விழுகிறது. கும்பெனிக்காரன் கோட்டை கட்டிய ஊர் அஞ்சுதெங்கு. மீன்பிடிக்கிற ஊர். அங்கிருந்து மூன்று பையன்களை, ரஷ்யாவில் செக்யூரிட்டி வேலை என்று சொல்லி, லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஏஜென்ட் அனுப்பினான். இறங்கியதும் பாஸ்போர்ட் போயிற்று. புரியாத பாஷையில் ஒரு காகிதத்தில் கையெழுத்து. கொஞ்சநாள் பயிற்சி. பிறகு உக்ரைன் முனை. அவர்களில் ஒருவன் குண்டு பட்டு 2024 ஏப்ரலில் ஊர் திரும்பினான். திருச்சூர்க்காரர் ஒருவர் 2025 ஜனவரியில் அங்கேயே செத்தார். அந்த மாதம் நம் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இந்தியர் 126 பேர், 96 பேர் திரும்பினர், 12 பேர் இறந்தனர், 16 பேரைக் காணவில்லை என்று ரஷ்யாவே சொல்கிறது.

காணவில்லை என்றால் எங்கே? நான் சொல்கிறேன். சேட்டன் செல்போனில், அந்த 1.2 கிலோமீட்டர் அம்புக்குள். சிவப்பு மையைச் சுரண்டிப் பார்த்தால் கடல் தெரிந்த ஒரு பையன் உள்ளே கிடப்பான், கரையே இல்லாத ஊரில், பனியில். நம் ஆள் அம்பை இழுத்துவிட்டு லைக் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க என்று போய்விட்டான்.

சேட்டனிடம் இதைச் சொன்னேன். "அய்யோ பாவம்" என்றார். நிஜமாகவே வருந்தினார். அடுத்த நாளும் பார்த்தார்.

கடையில் கிளாஸ் கழுவுகிற பையன் ஒருவன் உண்டு. அம்மா தமிழ், மேலே தேயிலை லயத்தில் இருந்து இறங்கிய குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளாஸ் கழுவுகிறான். போன வாரம் கையைத் துடைத்துக்கொண்டு ஹவில்தார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். செல்போனை நீட்டினான்.

"மாமா, இது பாருங்களேன். வெளிநாட்டுலே செக்யூரிட்டி வேலையாம். ரெண்டு லட்சம் சம்பளம். கூட்டாளி ஒருத்தன் அனுப்பினான். யுத்தத்துக்கு இல்லைன்னு தனியா எழுதியிருக்கு."

ஹவில்தார் பழம்பொரியைக் கீழே வைத்தார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழாக, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் போல மெதுவாகப் படித்தார். பின்னால் டிவியில் எந்த ஊரோ விழுந்துகொண்டிருந்தது.

"சம்பளம் போட்டிருக்கான். சாப்பாடு போட்டிருக்கான். தங்குற எடம் போட்டிருக்கான்" என்றார். "எந்த முனைன்னு போடலியேடா."

பையன் செல்போனைத் திருப்பி வாங்கி, இன்னொருதரம் பார்த்தான். காற்றடித்தது. கரண்டு போயிற்று.